எட்டு மாடி விளக்கு

திரையை ஒரு சாண் தூக்கிவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார் மார்லிஸ். மனசுக்கு ஒப்பவில்லை. மறுபடி போய் அதைப் பாதி ஜன்னல் வரை இறக்கினார். அடுத்த ஜன்னலில் உச்சிவரை ஏற்றினார். அதற்கும் அடுத்ததில் வேண்டுமென்றே கோணலாகத் தொங்கவிட்டார்.

"எல்லாம் ஒரே மட்டத்துல தொங்கினா எழவு வீடு மாதிரி இருக்கும், கெம். ஆள் இருக்கற இடத்துல ஒருத்தனுக்கு வெளிச்சம் கூசும். ஒருத்திக்கு வெளிச்சம் பத்தாது. இன்னொருத்தன் கயித்தை இழுத்து இழுத்துத் திரையையே உடைச்சு வச்சிருப்பான்."

"இல்லாத ஆளுங்களுக்கு இவ்வளவு குணமா?" என்றாள் கெம்.

"இல்லாத ஆளுங்கதான் கண்ணு ரொம்பப் படுத்துவாங்க."

டிசம்பர் மாதம். ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். மார்லிஸ் சுவரில் இருந்த பொத்தானைத் தட்டினார். மாடி முழுக்க வெளிச்சம் வந்தது. கம்பளத்தில் ஒருகாலத்தில் மேசைகள் நின்ற தடங்கள் மட்டும் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன. ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி. அதன் முதுகில் ஒரு பழுப்புக் கோட்டு, யாரோ காப்பி குடிக்கப் போய் இதோ வந்துவிடுவார் என்பதுபோல. மற்றபடி அந்த மாடியில் ஒருவருமில்லை. அதற்கு மேலே இருந்த ஏழு மாடிகளிலும் ஒருவருமில்லை. அங்கேயும் போய் இதே வேலையைச் செய்துவிட்டுத்தான் மார்லிஸ் டிவ்ரீஸ் வீட்டுக்குக் கிளம்புவார்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டிமாய்ன் நகரத்து டவுன்டவுனில், ஆற்றுக்கு மேற்கே நிற்கும் பிரெய்ரி டவருக்கு அவர்தான் மேலாளர். அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கான்வாஸ் காலணி, கம்பளி மேல்சட்டை, அதில் பருவத்துக்கு ஏற்றாற்போல் ஒரு ஊசிப் பதக்கம். அன்றைக்கு ஒரு பனிமனிதன். இடுப்பில் சாவிக்கொத்து. அவர் வருவதற்கு முன்னால் அது வரும். கட்டடத்தில் அவர் திறக்க முடியாத கதவு கிடையாது, தட்டிக் கேட்டு நுழைந்த கதவும் கிடையாது. யாரையும் ஒரேயடியாகப் புகழ்வது அவர் வழக்கமில்லை. பேரக்குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, "மோசமில்ல." அயோவாக்காரர்களிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பவன் வெளியூர்க்காரன்.

கெம் பாக்கம் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். பாக்கம் என்பது அவர்கள் குலப்பெயர். மீனம்பாக்கத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. லாவோஸ் மலைப்பக்கத்திலிருந்து அகதிகளாக வந்து இந்த ஊரில் வேர்விட்ட தாய்தாம் இனத்துப் பெண். இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த எக் ரோலும், ஒட்டுச் சோறும் போடுகிறாள். இரண்டாவது மாடியில் யார் வந்து சாப்பிடுவார்கள் என்று கேட்கக் கூடாது. இந்த ஊரில் குளிர்காலத்தில் மனிதர்கள் தெருவில் நடப்பதில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் இரண்டாவது மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறது. ஸ்கைவாக் என்பார்கள். பனி கொட்டும்போது அதற்குள்ளேயே வங்கிக்குப் போய், முடிவெட்டிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பலாம். பிரெய்ரி டவர் வழியாகப் போகும் பாலத்தின் மூக்கில் கெம்மின் கடை இருக்கிறது.

முன்பெல்லாம் அந்தப் பாலத்தில் மதியம் நடக்க இடமிருக்காது. மேல் மாடிகள் முழுக்க ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகம். பிறகு அது வேறு மாநிலத்துக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்தது. "கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போயிடுச்சு. சீரும் செனத்தியும் நம்ம ஊர்லேர்ந்து," என்பார் மார்லிஸ்.

அப்போது கெம் பெரிதாகக் கவலைப்படவில்லை. போவது மேலதிகாரிகள்தானே, அவர்கள் என்றைக்கு எக் ரோல் தின்றார்கள் என்று நினைத்தாள். போனது மேலதிகாரிகள் மட்டுமில்லை என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. முதலில் ஷூ தைப்பவர் கதவைச் சாத்தினார். பிறகு பூக்கடை, தினம் ஒரு வரவேற்பு மேசைக்குப் பூ வைத்துப் பிழைத்த கடை அது. கம்பெனிக்கு வழக்கு நடத்திய வக்கீல்கள் எதிர்க் கட்டடத்தைக் காலி செய்தார்கள். அச்சகம் போயிற்று. நாடகக் கொட்டகையின் முன்வரிசை காலியாயிற்று. பக்கத்து மனையில் குடியிருப்பு கட்டப்போவதாகப் பலகை வைத்தவர் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார். அந்த மனை கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது, அப்புறம் கார்களும் வரவில்லை. டவுன்டவுன் கட்டடங்களின் மதிப்பு இறங்க, வரி இறங்க, வரி இறங்கியதும் நடைபாதைப் பனியை வாரும் வண்டி தாமதமாக வர ஆரம்பித்தது. வாசலில் ஒரு பெயர்ப்பலகையைக் கழற்றினால் தெருக்கோடியில் பனி வாருவது நிற்கும் என்று எவன் கண்டான்? கெம்முக்கு அது இன்றுவரை மலைப்பாகத்தான் இருக்கிறது.

மார்லிஸிடம் கேட்டால் இரண்டே வரியில் சொல்லிவிடுவார். "கிளை ஆபீஸெல்லாம் கையும் காலும் மாதிரி, கண்ணு. எங்க வேணா நீட்டிக்கும். தலை எங்க படுக்குதோ அங்கதான் தலையணை வாங்குவாங்க."

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். காலிக் கட்டடமோ படுத்துக்கொண்டே தின்னும். அதன் சொந்தக்காரர்கள் கண்காணாத ஊரில் இருந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் போன் செய்து முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: ஆற்றில் பனி உடைவதற்குள் மேல் எட்டு மாடிக்கும் ஆள் வராவிட்டால் கட்டடத்தை மூடிவிடுவது. சூடேற்றும் கொதிகலன் அணையும். ஸ்கைவாக் பாலத்துக்குப் பூட்டு விழும். பாலம் இல்லாமல் கெம்முக்குக் கடை இல்லை. அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு வழியும் இல்லை.

"பயமா இருக்கு, மார்லிஸ்," என்று அன்றே வெளிப்படையாகச் சொன்னாள்.

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு மார்லிஸ் விளக்குப் போட மேலே போய்விட்டார்.

இனி மார்லிஸின் சாக்லேட் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பது இந்த நாடு முழுக்க உள்ளதுதான். டிமாய்ன்காரர்கள் அதைப் பிச்சை ராத்திரி என்பார்கள், அந்தி சாய்ந்ததும் ஆரம்பித்துச் சாப்பாட்டு வேளையோடு முடித்தும்விடுவார்கள். வாசல் விளக்கு எரியும் வீட்டுக் கதவைத்தான் தட்டலாம். இருட்டு வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது. கதவு திறந்ததும் சும்மா கையை நீட்டவும் கூடாது. ஒரு ஜோக் சொல்ல வேண்டும். கடி ஜோக்காக இருந்தால் இன்னும் விசேஷம். வெளியூரில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியாது. கெம் சிறுமியாக இந்த ஊருக்கு வந்த வருஷம், ஒரு வீட்டு வாசலில் பையை விரித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். ஏன் காத்திருக்கிறார் என்று புரியாமல் அழுதுவிட்டாள். மறு வருஷம் தயாராகப் போனாள். அவள் முழுசாகப் பேசிய முதல் ஆங்கில வாக்கியம் ஒரு கோழியைப் பற்றியது.

மார்லிஸ் அந்த வழக்கத்தை வருஷம் முழுவதற்கும் நீட்டிவிட்டார். கெம் கடைக்கு எதிரே உள்ள வரவேற்பு மேசைக்கு வைத்திருந்த ஆளை நிறுத்திய பிறகு மதிய வேளையில் அங்கே அவரே உட்கார்ந்துகொள்வார். மேசைமேல் சாக்லேட் கிண்ணம். அறிவிப்பு எதுவும் கிடையாது. தெரியாதவன் கையை விட்டால், "ஓப்! ஜோக் எங்க?" என்று கிண்ணத்தை இழுத்துக்கொள்வார். தபால்காரர், வங்கி ஆட்கள், ஜன்னல் துடைப்பவர்கள், நீதிபதி ஒருவர் எல்லோரும் கப்பம் கட்டியிருக்கிறார்கள். கெம் பழைய கோழியையே வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

"கோழி ஏன் ஸ்கைவாக்ல ஏறிச்சு?"

"ஏன்?"

"காலம்பூரா கீழ ரோட்டைக் கடந்து கடந்து அலுத்துப்போச்சு."

"மோசமில்ல," என்பார் மார்லிஸ், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போல.

டிரென்ட் ஒருவன்தான் ஜோக் சொல்லத் தெரியாதவன். நகரத்து வளர்ச்சி அலுவலகத்தில் வேலை, முப்பது சொச்சம் வயது, கம்பெனிகளை ஊருக்கு இழுத்து வருவது தொழில். ஜோக் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் புள்ளிவிவரத்தில் போய் முடிப்பான். "பரவாயில்ல கண்ணு, பரிதாபத்துக்கு ஒண்ணு எடுத்துக்கோ," என்று கிண்ணத்தைத் தள்ளுவார்.

அக்டோபரில் அவன்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு கம்பெனி தலைமை அலுவலகத்தை மாற்றப்போகிறது. மூன்று ஊர்களைப் பார்க்கிறார்கள், இது ஒன்று. எந்தக் கம்பெனி என்று டிரென்டுக்கே தெரியாது. இந்தத் தொழிலில் பெயரைச் சொல்லமாட்டார்கள், சங்கேதப் பெயர் ஒன்று வைத்துக்கொள்வார்கள். பருவத்துக்குப் பொருத்தமாக இதற்கு 'புராஜெக்ட் பம்ப்கின்' என்று வைத்திருந்தார்கள். பூசணிக்காய்த் திட்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக, ஒரு வாரத்தில் ஸ்கைவாக் முழுக்க அதே பேச்சு.

"குழுவா வந்து பார்க்கறதுக்கு முன்னாடி, சத்தம் போடாம ஒரே ஒரு ஆளை அனுப்புவாங்க," என்றான் டிரென்ட். "மத்தியான நேரத்துல ஊர் எப்படி இருக்குன்னு பார்க்க. யாருன்னு சொல்லமாட்டாங்க."

பெண் பார்க்க வருவதற்கு முன்னால் கோவிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போகும் அத்தைமார்களை நாம் அறியோமா? அதே கதைதான். அன்றிலிருந்து வெளியூர் முகம் எதைக் கண்டாலும் ஸ்கைவாக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பாலத்தில் தரையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்த ஒருவருக்குக் கெம் வயிறு முட்ட எக் ரோல் போட்டாள், காசு வாங்கவில்லை. மறுநாளும் வந்தார், மறுநாளும் போட்டாள். மூன்றாம் நாள்தான் அவர் கரப்பான்பூச்சி மருந்து அடிக்க வந்தவர் என்று தெரிந்தது.

"நல்லாக் கவனிச்சே, கெம். இனிமே ஊர்ல உள்ள கரப்பானெல்லாம் உன் பேரைச் சொல்லி வாழ்த்தும்," என்றார் மார்லிஸ்.

டிரென்டுக்கு இன்னொரு கவலை. "யாராவது கேட்டா, மேல் மாடிக்கெல்லாம் பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்குன்னு சொல்லுங்க, மார்லிஸ். காலின்னு மட்டும் சொல்லிடாதீங்க. காலியா இருக்கற இடத்துக்கு யாரும் வரமாட்டாங்க. கூட்டம் இருக்கற இடத்துக்குத்தான் கூட்டம் வரும்."

மார்லிஸ் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினார்.

டிசம்பர் நடுவில் ஒரு மதியம். சாப்பாட்டுக் கூட்டம், அதைக் கூட்டம் என்று சொல்லலாமென்றால், கலைந்துவிட்டது. சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி பாலத்தின் வழியாக வந்தாள். கண்ணாடிக்கு வெளியே பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள், லிஃப்டுகளைப் பார்த்தாள், அவை எவ்வளவு நேரத்தில் வருகின்றன என்று நின்று பார்த்தாள். மார்லிஸ் போனில் கொதிகலன் பழுதுபார்ப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வந்தவள் மேசையோரம் நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கை நீட்டினாள்.

கை கிண்ணத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் நிமிர்ந்து, எதிரே எண்ணெய்ச் சட்டியருகில் நின்ற கெம்மைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்:

"எலும்புக்கூடு ஏன் ஒரு நாள்கூட லீவு போடறதில்ல?"

கெம் சட்டியை விட்டு நிமிர்ந்தாள். "ஏ... ஏன்?"

"உடம்பு சரியில்லைன்னு சொல்றதுக்கு உடம்பு வேணுமே."

சொல்லிவிட்டு ஒரு சாக்லேட்டை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். மார்லிஸ் போனைப் பாதிச் சண்டையில் வைத்தார்.

"கிழக்கா கண்ணு, தெற்கா? எந்தப் பக்கத்துல வளர்ந்தே?"

"கிழக்கு," என்றாள் அவள். அதன் பிறகுதான் தான் அகப்பட்டுக்கொண்டது அவளுக்குப் புரிந்தது. காது மடல்வரை சிவந்தாள். பேர் கோரின் ஷ்ரோடர். அம்மா இன்னும் ஆற்றுக்குக் கிழக்கே, தங்கக் கூரை போட்ட சட்டசபைக் கட்டடத்துக்குப் பின்னால்தான் இருக்கிறாராம்.

"நீ ஏன் போனே?"

"நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனிக்கு இங்க கிளைதான் இருந்துச்சு. மேல வரணும்னா தலைமை ஆபீஸ் இருக்கற ஊருக்குப் போன்னாங்க. போனேன். அப்புறம் வரவே முடியல."

எதற்காக வந்திருக்கிறாய் என்று மார்லிஸ் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பூசணிக்காய் மேசைமேலேயே உட்கார்ந்திருந்தது, மூன்று பேரும் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்கள். பிறகு கோரின் சாக்லேட் தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நேத்து சாயந்திரம் அம்மா வீட்டுலேர்ந்து வரும்போது ஆத்துப் பாலத்துல நின்னு பார்த்தேன். இந்தக் கட்டடத்துல உச்சிவரைக்கும் விளக்கு எரிஞ்சுது. மேல யார் இருக்காங்க?"

கெம்மின் கையிலிருந்த கரண்டி நின்றது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள் மார்லிஸ் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அதில் முழுப் பொய்கூட இல்லையே. எட்டு மாடியும், பாலமும், தன் கடையும், இந்த அம்மாளின் ஒரு வாய்ச்சொல்லில் தொங்குகிறதே.

"யாருமில்ல கண்ணு," என்றார் மார்லிஸ். "நான்தான் போடறேன். வா, காட்டறேன்."

கெம் அடுப்பை அணைத்தாள். மதிய வேளையில் அவள் அடுப்பை அணைத்தது அன்றுதான். கூடவே லிஃப்டில் ஏறிக்கொண்டாள்.

மேலே மார்லிஸ் எதையும் மறைக்கவில்லை. கம்பளத்துப் பள்ளங்களைக் காட்டினார். ஒழுகிய மூலையைக் காட்டினார். ஏற்றியும் இறக்கியும் விட்ட திரைகளைப் பற்றி, இல்லாத மனிதர்களின் குணங்களோடு விவரமாகச் சொன்னார். முதல் ஜன்னல் ஒரு பிடிவாதக்காரிக்கு, அவள் எப்போதும் திரையைத் திறந்தே வைப்பாள். மூன்றாமவன் தலைவலிக்காரன். கோரின் சிரித்தாள். பிறகு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் கோட்டைத் தொட்டாள்.

"இது யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது. அவருக்கு இனிமே குளிராது."

கெம்முக்குக்கூட அது தெரியாது. சாயந்திரம் மார்லிஸுக்குத் துணையாக வரும்போதெல்லாம் அந்த நாற்காலியைத் தாண்டித்தானே போய்க்கொண்டிருந்தாள்.

"எதுக்காக இவ்வளவும்?" என்று கேட்டாள் கோரின். குரலில் இப்போது இடம் பார்க்க வந்தவளின் கறார் இருந்தது. "வெளியூர்லேர்ந்து வர்றவங்களை ஏமாத்தவா?"

மார்லிஸ் யோசித்தார்.

"பிச்சை ராத்திரி அன்னிக்கு நீ எந்த வீட்டுக் கதவைத் தட்டுவே?"

"விளக்கு எரியற வீட்டை."

"அதான்," என்றார் மார்லிஸ். "உள்ள கூட்டம் இருக்குன்னு சொல்லவா அந்த விளக்கு? தட்டலாம்னு சொல்லத்தானே கண்ணு."

கோரின் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றாள். கீழே உறைந்த ஆறும், அக்கரையில் தங்கக் கூரையும் தெரிந்தன. போகும்போது கை குலுக்கினாள், நன்றி சொன்னாள், வேறெதுவும் சொல்லவில்லை. கீழே இறங்கி வந்ததும் மார்லிஸ், பேச்சு முடிந்தது என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோலத் தொடையில் தட்டிக்கொண்டு, "சரி, அப்புறம்..." என்று கொதிகலன்காரருக்கு மறுபடி போன் போட்டார்.

செய்தி கேட்ட டிரென்ட் தலையில் கையை வைத்துக்கொண்டு கெம்மின் கடை முன்னால் உட்கார்ந்துவிட்டான். "காலின்னு சொன்னீங்களா? ஒழுகற மூலையையுமா காட்டினீங்க?"

"ஒழுகறதை வாளி வச்சு மறைக்கலாம்னு பார்த்தேன். வாளியும் ஒழுகுது," என்றார் மார்லிஸ்.

அவன் சிரிக்கவில்லை. கெம்மும் சிரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் அவளுக்கு அன்று மார்லிஸ் மேல் கோபம்தான். நேர்மை நல்லதுதான், அடுத்தவள் அடுப்பில் அதைச் சமைக்க வேண்டுமா? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, எட்டு மாடியிலும் விளக்கு எரிவதைத் தெருவில் நின்று பார்த்தாள். பனி முகத்தில் அடித்தது. பொய் சொல்லிக் கெட்டவர்கள் உண்டு. இந்த மனுஷியோ உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் பணயம் வைத்துவிட்டு, மறுநாளும் திரையைக் கோணலாகத் தொங்கவிட மேலே போகிறார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எக் ரோல் பையை எடுத்துக்கொண்டு கெம்மும் மேலே போனாள்.

குழு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ஜனவரி போயிற்று. பிப்ரவரியில் சொந்தக்காரர்கள் கொதிகலனை நிறுத்துவதற்கு ஆள் பேசினார்கள். கெம் வேறு இடம் தேடி நாலு பேரைக் கேட்டாள், நாலு பேரும் கையை விரித்தார்கள்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு காலை. ஆற்றில் பனி முதல் விரிசல் விட்டிருந்தது. டிரென்ட் ஓடிவந்த மாதிரி மூச்சு வாங்க வந்து வரவேற்பு மேசை முன்னால் நின்றான். கிண்ணத்தைப் பார்த்தான்.

"ஒரு ஜோக்," என்றான்.

"ஐயோ, வேண்டாம் கண்ணு. சும்மாவே எடுத்துக்கோ."

"இல்ல, கேளுங்க. முழுப் பூசணிக்காய் எங்க உட்காரும்?"

"எங்க?"

"மேல எட்டு மாடியிலும்."

மார்லிஸ் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். "மோசமில்ல," என்றார். கிண்ணத்தை முழுசாக எடுத்து அவன் கையில் கொடுத்தார். கெம் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே டிரென்டைக் கட்டிக்கொண்டாள், எண்ணெய்க் கையெல்லாம் அவன் கோட்டில். வாடகை, விமான வசதி, இன்சூரன்ஸ் வேலை தெரிந்த ஆட்கள் என்று கம்பெனி சொன்ன காரணங்கள் எத்தனையோ என்றான் அவன். கூட்டத்தின் கடைசியில் யாரோ ஒருவர், "அந்த விளக்குக்காரம்மா இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டதாகவும் சொன்னான்.

அந்த வேனிலில் நடந்ததை என்னவென்று சொல்வது! கம்பெனி வருவதற்கு முன்னாலேயே, வரப்போகிறது என்ற பேச்சு வந்ததுமே ஊர் புரண்டு படுத்தது. எதிர்க் கட்டடத்துக்கு ஒரு வக்கீல் அலுவலகம் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் பள்ளம் தோண்டினார்கள். அங்கே எழும்பப்போகும் குடியிருப்புக்கு முன்பதிவு நடந்தது. ஷூ தைப்பவரின் மூடிய கதவை அவர் மருமகள் வந்து திறந்தாள். பூட்டிக் கிடந்த பழைய துணிக்கடைக் கட்டடத்தை வாங்க இரண்டு பேர் போட்டி போட்டார்கள். கடை வாடகையும் கொஞ்சம் ஏறியது, அதைக் கெம் ஊர் முழுக்கச் சொல்லிப் புலம்பினாள். புலம்பிக்கொண்டே இரண்டாவது எண்ணெய்ச் சட்டி வாங்கினாள். பாலத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் பார்க்கும்போது சில நாள் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். ஒரே ஒரு தலை வந்து படுத்ததற்கா இத்தனை தலையணை?

நவம்பரில் அவர்கள் குடிவந்தார்கள். வாசலில் புதுப் பெயர்ப்பலகை ஏறியது. முதல் நாள், மதியக் கூட்டத்தில் கெம்முக்கு நிமிர நேரமில்லை. கோரின் ஷ்ரோடர் வரிசையில் நின்று எக் ரோல் வாங்கினாள். அம்மா வீட்டிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னாள்.

வெளியே இருட்ட ஆரம்பித்ததும் மார்லிஸ் வழக்கம்போல எழுந்தார். தொடையில் தட்டிக்கொண்டு, "சரி, அப்புறம்..." என்று சாவிக்கொத்தோடு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க, மார்லிஸ்?" என்று கத்தினாள் கெம்.

அவர் காதில் விழவில்லை. கெம் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி லிஃப்டில் ஏறினாள். கதவு திறந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாடி முழுக்க வெளிச்சம். ஆட்கள் போனில் பேசிக்கொண்டு, காகிதப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டு, எதற்கோ சிரித்துக்கொண்டு. ஒரு ஜன்னலில் திரை பாதி. ஒன்றில் உச்சிவரை. மூன்றாவதில் ஒரு பையன் கயிற்றை இழுத்து இழுத்துத் தோற்றுப்போய்க் கோணலாகவே விட்டுவிட்டு உட்கார்ந்தான். பழுப்புக் கோட்டு இப்போது சுவரோரம் ஒரு கொக்கியில், மற்றவர்களின் கோட்டுகளுக்கு நடுவே தொங்கியது.

மார்லிஸின் கை பழக்கத்தில் சாவிக்கொத்துக்குப் போயிற்று. சரியான சாவியைப் பார்க்காமலேயே விரல்கள் பிரித்தன. பூட்டுவரை போன கை அங்கே நின்றது. அவர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி, சத்தம் வராமல் மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தலைமுடியை ஒதுக்கிவிட்டார். பிறகு, முதல் வீட்டு வாசலில் நிற்கும் குழந்தையைப்போல, உள்ளே எரியும் விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைத் தட்டினார்.